வலிக்கு ஒரு துறை அமைத்த மயக்க மருத்துவர்: ஜான் பொனிக்காவின் வாழ்க்கைப் பணி

அறுவை சிகிச்சைக் கூடத்தில் நோயாளியின் நினைவையும் வலியுணர்வையும் குறிப்பிட்ட நேரத்துக்கு நீக்கி, அந்த நேரம் முழுவதும் அவரது மூச்சையும் இரத்த ஓட்டத்தையும் காத்து, பின்னர் அவரைப் பாதுகாப்பாக நினைவுக்குக் கொண்டுவரும் மருத்துவப் பிரிவே மயக்கவியல் எனப்படுகிறது. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர் ஈதர் ஆவியைச் செலுத்தி வலியில்லா அறுவையைப் பலர் முன்னிலையில் நிகழ்த்திக் காட்டியதை அதன் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். ஆனால், அதற்குப் பின்னும் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் மயக்க மருந்து கொடுப்பது பெரும்பாலும் உதவியாளரின் கைவேலையாகவே கருதப்பட்டது. யார் கை ஓய்வாக இருந்ததோ அவரே அதைச் செய்தார். 1927-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் வாட்டர்ஸ் தொடங்கிய பயிற்சித் திட்டமும், 1941-இல் ஹார்வர்டில் ஹென்றி பீச்சர் பெற்ற பேராசிரியர் பதவியும் அதைக் கல்விப்புலத்துக்குரிய துறையாக உயர்த்தின. கற்பித்தலும் ஆய்வும் சிகிச்சையும் ஒருவரிடமே இணையும் கல்விசார் மருத்துவர் என்னும் வகை மயக்கவியலில் உருவானது அப்போதுதான்.

அவ்வாறு உருவானவர்களுள் ஜான் ஜோசஃப் பொனிக்காவின் பணி தனித்து நிற்கிறது. அவர் புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. வலியின் இயக்கத்தை விளக்கும் பெரிய கோட்பாடு எதுவும் அவர் பெயரில் இல்லை. அறுவைக்கூடத்தில் சில மணி நேர வலியைக் கையாண்டு பழகிய ஒரு துறையை, மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் வலியோடு விழித்திருக்கும் மனிதர்களின் பக்கம் அவர் திருப்பினார். அதோடு, அந்த வலி எந்த ஒரு நிபுணருக்கும் தனியாக அடங்காது என்பதை மருத்துவ உலகம் ஏற்கும்வரை ஓயாமல் உழைத்தார். இவ்விரண்டில் பின்னதே கடினமானது, அதுவே அவருடைய உண்மையான சாதனை.

இத்தாலியின் சிசிலித் தீவுக்கு வடக்கே உள்ள ஃபிலிக்குடி என்னும் சிறு தீவில் 1917 பிப்ரவரி 16 அன்று பிறந்த பொனிக்கா, 1927-இல் பெற்றோருடன் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதிக்குக் குடிபெயர்ந்தார். 1932-இல் தந்தை இறந்தபின் குடும்பச் சுமை அவர் தோளில் விழ, காலணிக்கு மெருகிட்டும் செய்தித்தாளும் காய்கனியும் விற்றும் பணம் ஈட்டினார். பள்ளிக் காலத்தில் கற்ற மல்யுத்தமே பின்னர் அவருடைய கல்லூரிக் கட்டணத்துக்கும் மருத்துவப் படிப்புக்கும் வழி செய்தது. ஜானி ‘புல்’ வாக்கர் என்ற பெயரிலும், சில நேரங்களில் முகமூடி அணிந்தும் காட்சி மேடைகளில் மோதிய அவர், 1941-இல் இலகு கனஎடைப் பிரிவில் உலகப் பட்டத்தைச் சில மாதங்கள் வைத்திருந்தார். மறுஆண்டு மில்வாக்கி நகரின் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். மல்யுத்தத் தொழிலைத் தம் மருத்துவ உலகத்தினரிடம் நெடுங்காலம் மறைத்தே வைத்திருந்தார். மேடையில் நொறுங்கிய காதுகளும் தேய்ந்த மூட்டுகளும் அவருடைய பிற்கால வாழ்வை எவ்வளவு தூரம் ஆட்கொண்டன என்பதை அறிந்தவர்களுக்கு இந்தப் பகுதி வெறும் சுவையான துணுக்காகத் தோன்றாது.

மயக்கவியலை அவர் தேர்ந்த காலத்திலேயே அதன் குறைபாடு அவருடைய குடும்பத்தைத் தாக்கியது. 1943-இல் அவருடைய மனைவி எம்மாவுக்கு முதல் பிரசவம் நிகழ்ந்தபோது, போதிய பயிற்சியற்ற இளம் மருத்துவர் ஒருவர் ஈதர் கொடுக்க, எம்மா வாந்தியெடுத்து மூச்சுத் திணறி நீலம் பாரித்துப்போனார்; பொனிக்காவே விரைந்து அவரது மூச்சுவழியைத் திறந்து காப்பாற்ற வேண்டியதாயிற்று. மயக்க நிலையில் இரைப்பையின் அமிலம் மேலெழுந்து நுரையீரலுக்குள் இறங்குவது பிரசவப் பெண்களுக்கு எத்தகைய ஆபத்து என்பதை, நியூயார்க்கைச் சேர்ந்த கர்ட்டிஸ் மெண்டல்சன் 1946-இல்தான் முறையாக ஆராய்ந்து வெளியிட்டார் என்பதை எண்ணினால், அன்று தாய்மார் பலர் எத்துணை இடரான சூழலில் பெற்றெடுத்தனர் என்பது புலப்படும். தாயை உறங்கவைக்காமல், தண்டுவடத்தைச் சூழ்ந்த உறைக்கு வெளியே உள்ள இடைவெளியில் உணர்விழப்பு மருந்தைச் செலுத்தி, இடுப்புக்குக் கீழே மட்டும் வலியை நீக்கும் எபிடூரல் முறையில் பொனிக்கா பிற்காலத்தில் காட்டிய பிடிவாதமான ஈடுபாட்டுக்கு இந்த நிகழ்ச்சியே வேர். மகப்பேற்று வலிநீக்கம் பற்றி 1960-களின் இறுதியில் அவர் வெளியிட்ட பெருநூல் அத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாயிற்று.

1944-இல் இராணுவ மருத்துவராக வாஷிங்டன் மாநிலத்தின் மேடிகன் இராணுவ மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டபோது அவருக்கு வயது 27. ஆயிரக்கணக்கான படுக்கைகள் கொண்ட அந்த மருத்துவமனையில் மயக்கவியல் பிரிவுக்கு அவரே தலைவர். பசிபிக் போர்முனையிலிருந்து கொண்டுவரப்பட்ட வீரர்களிடம் அவர் கண்டது பாடநூல் வலி அன்று. உடலில் ஓரிடத்தில் அடிபட்டால் அங்குள்ள நரம்பு நுனிகள் தூண்டப்பட்டு, செய்தி தண்டுவடம் வழியே மூளைக்குச் சென்று வலியாக உணரப்படுகிறது. காயம் ஆறினால் வலி நின்றுவிடும். அவர் கற்ற பாடம் இதுதான். ஆனால், நரம்பில் குண்டு பாய்ந்த வீரர்கள் சிலருக்குக் காயம் ஆறிப் பல வாரங்கள் கழிந்தபின்னும் கையோ காலோ தீயில் கிடப்பது போல் எரிந்தது. போர்வை உரசினாலும் அலறினார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வியர் மிட்செல் என்னும் மருத்துவர் விவரித்து ‘காசால்ஜியா’ என்று பெயரிட்ட நிலை அது. கை, கால் துண்டிக்கப்பட்ட வேறு சிலருக்கோ இல்லாத உறுப்பில் வலித்தது. மாய உறுப்பு வலி எனப்படும் இதைக் காயம், செய்தி, வலி என்ற நேர்க்கோட்டுக் கணக்கால் விளக்கவே இயலாது.

விடை தேடி நூல்களைப் புரட்டிய பொனிக்காவுக்கு ஏமாற்றமே மிஞ்சியது. அன்றைய மருத்துவப் பாடநூல்களில் வலி என்பது வேறொரு நோயின் அறிகுறி; நோயைக் கண்டறிந்ததும் அதன் வேலை முடிந்துவிடுகிறது. வலியே நோயாகிவிட்டவருக்கு அந்நூல்களில் இடமில்லை. பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரெனே லெரீஷ் 1937-இல் வலியின் அறுவை சிகிச்சை பற்றி எழுதிய நூல் போன்ற சிலவே அவருக்குத் துணை நின்றன. இரத்தக் குழாய்களையும் வியர்வையையும் தானாக இயக்கும் பரிவு நரம்புகளைத் தடுத்தால் எரியும் வலி தணிவதை லெரீஷ் காட்டியிருந்தார். அந்த வழியில் சென்ற பொனிக்கா, கழுத்தருகே உள்ள பரிவு நரம்பு முடிச்சிலும் முதுகெலும்பை ஒட்டிய நரம்பு வேர்களிலும் ஊசி செலுத்திப் பல வீரர்களுக்கு நிவாரணம் தந்தார். பலருக்குத் தரவும் முடியவில்லை. முடியாதபோது அவர் எலும்பு மருத்துவரிடமும் நரம்பு மருத்துவரிடமும் மனநல மருத்துவரிடமும் ஆலோசனை கேட்டு எழுதினார். அவர்கள் நோயாளியைத் தனித்தனியே பார்த்துத் தனித்தனியே குறிப்பெழுதினார்கள். இந்தத் தாள்வழி ஆலோசனை பயன்படவில்லை என்று கண்டதும், அவர்களை மதிய உணவு வேளையில் ஒரே மேசைக்கு அழைத்து, ஒரு நோயாளியைப் பற்றி எல்லோரும் சேர்ந்து பேசும்படி செய்தார். பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய பல்துறை வலி மருத்துவமனை என்னும் அமைப்பின் கரு இந்த உணவு மேசையில் உருவானது.

அதே போரின் மற்றொரு முனையில், இத்தாலியில், ஹார்வர்டின் ஹென்றி பீச்சரும் வலியைக் கண்டு வியந்துகொண்டிருந்தார். பலத்த காயத்தோடு வந்த வீரர்களில் பெரும்பாலோர் வலிநிவாரணி கேட்கவில்லை என்பது அவர் கண்டது. போர்முனையிலிருந்து உயிரோடு மீண்டது அவர்களுக்கு விடுதலையாகத் தோன்றியதால் காயத்தின் பொருளே மாறிவிட்டது என்று 1946-இல் எழுதிய அவர், அந்த வழியே போலி மருந்தின் விளைவு குறித்த ஆய்வுக்குள் சென்றார். பீச்சர் பெருங்காயத்தில் வலியின்மையைக் கண்டார், பொனிக்கா ஆறிய காயத்தில் பெருவலியைக் கண்டார். இருவர் கண்டதும் ஒரே உண்மையின் இரு பக்கங்கள்: வலியின் அளவு காயத்தின் அளவைப் பின்பற்றுவதில்லை.

போருக்குப் பின் 1947-இல் டகோமா பொது மருத்துவமனையில் மயக்கவியல் தலைவராகப் பொறுப்பேற்ற பொனிக்கா, அங்கு பிரசவப் பிரிவுக்கு இரவு பகல் எந்நேரமும் மயக்க மருத்துவர் கிடைக்கும் ஏற்பாட்டைச் செய்தார். அக்காலத்தில் இது அரிது. கூடவே, நரம்புத் தடுப்பு ஊசிக்கென வருவோரைக் கவனிக்கும் பிரிவையும் நடத்தினார். நரம்புத் தடுப்பு என்பது வலிச்செய்தியைச் சுமக்கும் நரம்பின் அருகே உணர்விழப்பு மருந்தைச் செலுத்தி அதன் கடத்தலைத் தற்காலிகமாக நிறுத்துவது. அதைச் சிகிச்சையாக மட்டுமன்றிக் கண்டறியும் கருவியாகவும் அவர் பயன்படுத்தினார்: எந்த நரம்பைத் தடுத்தால் வலி மறைகிறது என்று பார்த்து வலியின் வழியை அறியலாம்; அந்த நரம்பை நிரந்தரமாக வெட்டுவதற்கு முன், வெட்டினால் நோயாளியின் நிலை எவ்வாறு இருக்கும் என்பதையும் ஓரளவு முன்னறியலாம்.

டகோமாவில் இருந்தபோதுதான் 1953-இல் அவருடைய ‘வலி மேலாண்மை’ என்னும் நூல் வெளிவந்தது. 1,500 பக்கங்களைக் கடந்த அந்நூலைத் தனி ஒருவராக, பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாத நிலையில், நாள்தோறும் அறுவைக்கூடப் பணியை முடித்துக்கொண்டு அவர் எழுதினார் என்பது இன்றைக்கும் மலைப்பைத் தருகிறது. தலை முதல் பாதம் வரை ஒவ்வொரு பகுதியின் வலிக்கும் காரணம், நரம்பமைப்பு, ஊசி செலுத்தும் முறை ஆகியவற்றை விரித்துரைத்த அந்நூல், வலியைத் தனிப் பொருளாகக் கொண்ட முதல் முழுமையான மருத்துவ நூலாகப் போற்றப்படுகிறது. அதன் குறையும் வெளிப்படையானதுதான். பலதுறைக் கூட்டு சிகிச்சையை வலியுறுத்தினாலும், நூலின் மையத்தில் ஊசியே இருந்தது. நோயாளியின் வாழ்க்கையும் மனமும் வலியை எவ்வாறு நீட்டிக்கின்றன என்பதை ஆராயும் கருவிகள் அப்போது அவரிடம் இல்லை. அவை வேறொருவரிடமிருந்து வர வேண்டியிருந்தன.

1960-இல் சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் புதிதாகத் தொடங்கிய மயக்கவியல் துறைக்கு அவரை முதல் தலைவராக அழைத்தது. 1978 வரை அப்பதவியில் இருந்தார். நரம்பு அறுவை மருத்துவர் லோவெல் வைட்டையும் செவிலியர் டாரதி குரோலியையும் சேர்த்துக்கொண்டு 1961-இல் அங்கு வலி மருத்துவமனையைத் தொடங்கினார். தொடக்கக் குழுவிலேயே ஒரு செவிலியர் சம பங்கு பெற்றது அக்கால மருத்துவமனைகளின் படிநிலைக்குப் புதிது. ஆண்டுக்கணக்காக வலியோடு வரும் ஒருவரைப் பல நிபுணர்கள் தனித்தனியே சோதித்தபின், அனைவரும் கூடி, நோயாளியின் வரலாற்றை ஒன்றாகப் பரிசீலித்து, ஒரே முடிவுக்கு வந்து அதை அவருக்கு விளக்குவது அங்கு நடைமுறையாயிற்று. பல முறை அறுவை செய்தும் பயன் காணாமல் ஒவ்வொரு கதவாகத் தட்டி அலைந்தவர்களுக்கு, தம்மைப் பற்றி மருத்துவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்கள் என்பதே பேருதவியாக இருந்திருக்க வேண்டும்.

பொனிக்காவின் சிந்தனையைப் பெரிதும் மாற்றியவர் அதே பல்கலைக்கழகத்தின் மறுவாழ்வு மருத்துவத் துறையில் இருந்த உளவியலாளர் வில்பெர்ட் ஃபோர்டைஸ். ஒரு செயலைத் தொடர்ந்து என்ன கிடைக்கிறதோ அதைப் பொறுத்தே அச்செயல் வலுப்பெறும் அல்லது மங்கும் என்பது உளவியலின் செயல்சார் கற்றல் கொள்கை. அதை ஃபோர்டைஸ் நாட்பட்ட வலிக்குப் பொருத்திப் பார்த்தார். வலிக்கும்போது மட்டும் மாத்திரை, வலிக்கும்போது மட்டும் ஓய்வு, முனகும்போது மட்டும் குடும்பத்தாரின் கவனம் என்று நாட்கள் கழிந்தால், நொண்டுதலும் முனகலும் படுக்கையும் காயம் ஆறியபின்னும் நிலைத்துவிடுகின்றன. ஆகவே மருந்தை வலிக்கும்போது கொடுக்காமல் கடிகாரப்படி குறித்த நேரத்தில் கொடுத்து, அளவைப் படிப்படியாகக் குறைத்தார். வலி வரும்வரை உடற்பயிற்சி என்பதை மாற்றி, முன்கூட்டியே குறித்த அளவை முடித்தபின் ஓய்வு என்று விதித்தார். குடும்பத்தாரையும் இம்முறைக்குப் பழக்கினார். 1960-களின் பிற்பகுதியில் வெளிவரத் தொடங்கிய இந்த ஆய்வுகளும், 1976-இல் அவர் எழுதிய நூலும், நாட்பட்ட வலிக்கான மறுவாழ்வுத் திட்டங்களின் அடித்தளமாயின. வலி நடிப்பு என்றோ மனப்பிரமை என்றோ ஃபோர்டைஸ் சொல்லவில்லை. வலியை உணர்வது வேறு, வலியால் முடங்கிப்போவது வேறு, பின்னதை மாற்ற முடியும் என்பதே அவர் காட்டியது. ஊசியின் வல்லுநராகப் புகழ்பெற்ற ஒருவர், ஊசியின்றி நடைபெறும் இந்தச் சிகிச்சையைத் தம் மருத்துவமனையின் மையத்தில் வைத்தார் என்பது பொனிக்காவின் அறிவு நேர்மைக்குச் சான்று.

1965-இல் கனடாவின் உளவியலாளர் ரொனால்டு மெல்சாக்கும் பிரிட்டனைச் சேர்ந்த நரம்பியல் அறிஞர் பாட்ரிக் வாலும் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட வாயில் கட்டுப்பாட்டுக் கொள்கை, மேடிகனில் பொனிக்கா கண்ட புதிர்களுக்கு முதன்முறையாக ஓர் அறிவியல் சட்டகத்தைத் தந்தது. தண்டுவடத்தில் வலிச்செய்தியைக் கூட்டவோ குறைக்கவோ வல்ல ஒரு வாயில் இருக்கிறது. தொடுவுணர்வைச் சுமக்கும் தடித்த நரம்பிழைகளும், மூளையிலிருந்து இறங்கிவரும் கட்டளைகளும் அதைத் திறக்கவும் மூடவும் செய்கின்றன என்பது அதன் சாரம். அடிபட்ட இடத்தைத் தேய்த்தால் வலி குறைவதும், போர்க்களத்தில் வலி தோன்றாமல் போவதும் இதன்வழி ஒரே விளக்கத்தில் அடங்கின. நரம்பமைப்பு பற்றி அவர்கள் சொன்ன நுணுக்கங்கள் சில பின்னர் திருத்தப்பட்டாலும், வலி உடலிலிருந்து மூளைக்கு ஏறும் ஒருவழிச் செய்தி அன்று என்ற கருத்து நிலைத்துவிட்டது.

ஆனால் நரம்பணுவை ஆராய்பவரும் நோயாளியைப் பார்ப்பவரும் சந்தித்துக்கொள்ள இடமே இல்லை. அவரவர் சங்கம், அவரவர் இதழ். இதை உணர்ந்த பொனிக்கா, 1973 மே மாதம் சியாட்டிலுக்கு அருகே இசாக்குவா என்னும் ஊரில், முன்பு கன்னியர் மடமாக இருந்த ஒதுக்குப்புறக் கட்டடம் ஒன்றில், முந்நூறுக்கும் மேற்பட்ட அறிஞர்களைப் பல நாடுகளிலிருந்தும் வரவழைத்துக் கருத்தரங்கு நடத்தினார். கேளிக்கைக்கோ ஊர் சுற்றவோ வழியில்லாத அவ்விடத்தை அவர் தெரிந்தே தேர்ந்தெடுத்தார். ஒரு வாரம் அவர்கள் ஒருவரோடொருவர் பேசியே ஆக வேண்டியிருந்தது. அதன் முடிவில் வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் பிறந்தது. 1975-இல் பாட்ரிக் வாலை ஆசிரியராகக் கொண்டு ‘பெயின்’ இதழ் தொடங்கப்பட, அதே ஆண்டு இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் முதல் உலக வலி மாநாடு நடைபெற்றது.

அச்சங்கம் 1979-இல் வெளியிட்ட வலியின் வரையறை, பொனிக்கா முன்னெடுத்த கூட்டு முயற்சியின் முதன்மைப் பலன்களுள் ஒன்று. திசு சேதத்தோடு தொடர்புடைய, அல்லது சேதம் நேரலாம் என்ற நிலையோடு தொடர்புடைய, அல்லது அத்தகைய சேதத்தின் மொழியில் விவரிக்கப்படுகிற, இன்னாத புலனுணர்வும் உள்ளத்துணர்வும் கலந்த அனுபவமே வலி என்று அது கூறியது. எலும்பு நிழற்படத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆகவே உங்களுக்கு வலியில்லை என்று சொல்லும் உரிமையை இந்த வரையறை மருத்துவரிடமிருந்து பறித்தது. 2020-இல் அது திருத்தப்பட்டபோது, சொற்களால் விவரிக்க இயலாத குழந்தைகளும் பேச்சிழந்தோரும் வலியை உணர்கிறார்கள் என்பதும் விளக்கக் குறிப்புகளில் தெளிவாக்கப்பட்டது.

புதியதன் மீது ஆர்வம் கொண்டவராயினும் பொனிக்கா எளிதில் நம்பிவிடுபவர் அல்லர். சீனாவில் ஊசிக்குத்து முறையாலேயே பெரும் அறுவைகள் வலியின்றி நடப்பதாக அமெரிக்காவெங்கும் பேச்சு பரவியிருந்த 1973-இல் அங்கு நேரில் சென்று பார்த்த அவர், பேசப்படும் அளவுக்கு அம்முறை அங்கு பயன்படுத்தப்படவில்லை என்றும், அதற்குரிய நோயாளிகள் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள் என்றும் அறிக்கையிட்டு, முறையான ஆய்வு தேவை என்று வலியுறுத்தினார். புற்றுநோய் வலியில் அவருடைய கவலை இன்னும் ஆழமானது. கையில் இருக்கும் மருந்துகளைச் சரியாகப் பயன்படுத்தினாலே பெரும்பாலானோருக்கு நிவாரணம் தர முடியும் என்றிருக்க, அறியாமையாலும் மார்பின் மீதான அச்சத்தாலும் நோயாளிகள் துடித்து இறக்கிறார்கள் என்பதை அவர் ஓயாமல் எடுத்துரைத்தார். 1978-இல் வெனிஸ் நகரில் முற்றிய புற்றுநோயின் வலி பற்றி நடந்த கருத்தரங்கின் கட்டுரைகளை இத்தாலிய மருத்துவர் விட்டோரியோ வெண்டாஃபிரிடாவுடன் சேர்ந்து தொகுத்தார். 1986-இல் உலக சுகாதார நிறுவனம், எளிய வலிநிவாரணியில் தொடங்கி வாய்வழி மார்பின் வரை படிப்படியாக உயரும் சிகிச்சை ஏணியை வெளியிட்டபோது, அத்தகைய குரல்களுக்கு உலகளாவிய செயல்வடிவம் கிடைத்தது.

மல்யுத்த மேடை அவரை விடவில்லை. தோள் மூட்டுகளிலும் இடுப்பு மூட்டுகளிலும் பலமுறை அறுவை செய்துகொண்ட அவர், வாழ்வின் பிற்பாதி முழுவதும் வலியோடே இருந்தார். உலக மயக்கவியல் சங்கங்களின் கூட்டமைப்புக்கு 1980 முதல் 1984 வரை தலைமை தாங்கிப் பயணம் செய்ததும் அந்த உடலோடுதான். முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் 1990-இல் அவருடைய பெருநூலின் இரண்டாம் பதிப்பு வந்தபோது, அது இரண்டு தொகுதிகளாக, ஃபோர்டைஸ் உள்ளிட்ட பலரின் கூட்டுப் படைப்பாக வந்தது. தனி ஒருவர் எழுதக்கூடிய பொருளாக வலி இனி இல்லை என்பதை அந்த அட்டையே அறிவித்தது. 1994 ஆகஸ்ட் 15 அன்று, எம்மா மறைந்து சில வாரங்களே கழிந்த நிலையில், தமது 77-ஆம் வயதில் பொனிக்கா காலமானார்.

அவருக்குப் பின் அமெரிக்காவில் வலி மருத்துவம் சென்ற பாதை அவர் வகுத்தது அன்று. 1990-களின் பிற்பகுதியில் அபின்வழி மாத்திரைகள் நாட்பட்ட வலிக்கு வரைமுறையின்றி எழுதப்பட்டன. அதன் விளைவான அடிமைத்தனமும் மிகையளவு மரணங்களும் பெரும் பொதுச் சுகாதார நெருக்கடியாக வெடித்தன. வலியைப் பொருட்படுத்துங்கள் என்று பொனிக்கா எழுப்பிய கோரிக்கையே இதற்குக் காரணம் என்று சிலர் கூறுவதுண்டு. அது நியாயமான குற்றச்சாட்டு அன்று. அவர் கேட்டது நிபுணர்கள் கூடிப் பேசும் மேசையை. நோயாளிகளுக்குக் கிடைத்ததோ மருந்துச்சீட்டு. மாத்திரைக்கும் ஊசிக்கும் உடனே பணம் தந்த காப்பீட்டு நிறுவனங்கள், உளவியலாளர், உடற்பயிற்சியாளர், செவிலியர், மருத்துவர் என ஒரு குழு வாரக்கணக்கில் உழைக்கும் திட்டங்களுக்குப் பணம் தரத் தயங்கியதால், பல்துறை வலி மையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அத்தகைய திட்டங்களால் நோயாளிகள் வேலைக்கும் இயல்பு வாழ்வுக்கும் திரும்புவது மேம்படுகிறது என்று ஆய்வுகள் காட்டிய பிறகும் இது நடந்தது. அந்நாட்டில் இன்று இம்முறையைத் தொடர்ந்து வளர்த்துவருவது பெரும்பாலும் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைகளே. அங்கே சிகிச்சைக்குழு ஒவ்வொரு ஊசிக்கும் தனித்தனியே கட்டணம் பெற்றுப் பிழைக்க வேண்டியதில்லை.